கடல் ஏஞ்சல் மீன் வளர்ப்பு: உவர்நீர்த் தொட்டி வைக்கப்போகும் புதியவர்களுக்கு

கடல் ஏஞ்சல் மீன்கள் போமகாந்திடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 90 இனங்கள் கொண்ட இக்குடும்பத்தில் பெரும்பாலானவை வெப்பமண்டலக் கடல்களின் பவளப்பாறைகளை அண்டி வாழ்கின்றன. கன்னத்தின் கீழ்மூலையிலிருந்து பின்னோக்கி நீளும் கூரிய முள் இவற்றின் குடும்ப அடையாளம். உருவில் ஒத்திருக்கும் வண்ணத்துப்பூச்சி மீன்களுக்கு அந்த முள் கிடையாது. நன்னீர்த் தொட்டிகளில் நாம் காணும் ஏஞ்சல் மீன் தென்னமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த சிக்லிட் வகை. அதற்கும் இவற்றுக்கும் உறவில்லை, அதை வளர்த்த பழக்கம் இங்கே அதிகம் உதவாது.

என் கணிப்பில், புதியவர்களின் தொட்டியில் இம்மீன்கள் மடிவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களே இருக்கின்றன. தொட்டி முதிர்வதற்குள் மீனை விட்டுவிடுகிறார்கள். உணவெடுக்காத மீனை வாங்கிவிடுகிறார்கள். வந்த மீனைத் தனியே வைத்துக் கவனிக்காமல் நேராகப் பெரிய தொட்டியில் சேர்த்துவிடுகிறார்கள். மூன்றும் அவசரத்தின் விளைவுகள் என்பதால், இக்கட்டுரை மீனை வாங்கும் நாளைக் கூடியவரை தள்ளிப்போடும்படியே அமைந்திருக்கிறது.

இனத்தை முடிவுசெய்தல்

வரிசை தலைகீழாகத் தோன்றினாலும், தொட்டியை வாங்கும் முன்பே எந்த இனத்தை வளர்க்கப்போகிறோம் என்பதை முடிவுசெய்துவிட வேண்டும். தொட்டியின் அளவு, அதில் வேறு என்னென்ன வாழலாம் என்பது, மாதச் செலவு ஆகிய மூன்றும் அந்த ஒரு முடிவையே பொறுத்திருக்கின்றன.

கடைகளில் அதிகம் கண்ணில் படுவது எம்பரர் ஏஞ்சலின் குஞ்சு. கருநீல உடலில் வெண்வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த அந்தக் குஞ்சு 6, 7 செ.மீ. நீளத்தில் விற்பனைக்கு வருகிறது. வளரும்போது வளையங்கள் மறைந்து, நீல உடலில் மஞ்சள் கோடுகள் கிடையாக ஓட, முற்றிலும் வேறொரு மீனைப் போல அது மாறிவிடுகிறது. முழு வளர்ச்சியில் 40 செ.மீ. வரை எட்டுகிறது. மன்னார் வளைகுடாவிலும் இலங்கைக் கடலிலும் காணப்படும் நீலவளைய ஏஞ்சல், பழுப்பு உடலில் நீலக்கோடுகள் வளைந்தேறவும் செவுளுக்கு மேலே ஒரு நீல வளையம் துலங்கவும் இன்னும் சற்றுப் பெரிதாக, 45 செ.மீ. வரை வளரும். கோரான் ஏஞ்சலும் ஏறக்குறைய இதே பருமன். இம்மூன்றின் குஞ்சுகளும் கருநீலமும் வெள்ளையுமாக ஒன்றுபோல் தெரிவதால், பெயர் மாற்றி விற்கப்படுவதும் உண்டு. முழு வளையங்கள் இருந்தால் எம்பரர், அரைவட்டங்கள் இருந்தால் கோரான், கோடுகள் ஏறத்தாழ நேராக இறங்கினால் நீலவளைய ஏஞ்சல் என்று பிரித்தறியலாம். எதுவாக இருந்தாலும் இவற்றுக்குப் பின்னாளில் 800 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். அதற்கு இடமும் பணமும் இல்லாதவர், குஞ்சின் அழகுக்காக மட்டும் இவற்றை வாங்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

முதன்முதலாக வளர்ப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது சென்ட்ரோபைஜி இனவகையைச் சேர்ந்த குள்ள ஏஞ்சல்களை. இவற்றில் பல 10 முதல் 15 செ.மீ. அளவிலேயே நின்றுவிடுகின்றன. ஊதாநீல உடலில் ஆரஞ்சு படர்ந்த கோரல் பியூட்டி, பளிச்சிடும் ஆரஞ்சுச்சிவப்பில் கறுப்புப் பட்டைகள் கொண்ட ஃபிளேம் ஏஞ்சல், இந்தியப் பெருங்கடலைச் சேர்ந்த, சாம்பல் நிறத்தில் ஆரஞ்சுக் கோடுகள் கொண்ட ஐப்லி ஏஞ்சல் ஆகியவை இவ்வகையில் தெரிந்த பெயர்கள். இவற்றுள்ளும் கோரல் பியூட்டியே உணவுக்கும் சூழலுக்கும் விரைவில் பழகுகிறது. ஒரு மீனுக்கு 250 லிட்டர் தொட்டி போதும்.

ரீகல் ஏஞ்சல், கரீபியக் கடலின் ராக் பியூட்டி ஆகியவற்றைத் தொடக்கத்தில் தொடவே வேண்டாம். இவை கடற்பஞ்சுகளை முதன்மையாக உண்டு வாழ்பவை. தொட்டியில் கொடுக்கும் உணவை ஏற்க மறுத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெலிந்து இறந்துவிடுகின்றன.

தொட்டியும் நீரும்

250 லிட்டர் நீருடன் கண்ணாடி, பாறை, மணல் எல்லாம் சேர்ந்தால் எடை 350 கிலோவைத் தாண்டிவிடும். ஆகவே தாங்குசட்டம் சமதளத்தில் நிற்கிறதா என்பதை மட்டமானி வைத்துப் பார்த்து, கூடியவரை சுவர் ஓரமாக அமையுங்கள். நேர் வெயில் படும் சன்னலருகே வேண்டாம். உப்புநீரும் மின்சாரமும் அருகருகே இருக்கும் வேலை இது என்பதால், மின்கசிவு ஏற்பட்டால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வழியாகவே எல்லாக் கருவிகளையும் இணையுங்கள். ஒவ்வொரு மின்கம்பியும் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி வளைந்து மேலேறட்டும். அப்போதுதான் கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்கை எட்டாது.

குழாய் நீரையோ ஆழ்துளைக் கிணற்று நீரையோ அப்படியே உப்பில் கலக்கக் கூடாது. அவற்றிலுள்ள நைட்ரேட், பாஸ்பேட், குளோரின், சிலவேளை செம்பு ஆகியவை பின்னால் தீராத தொல்லையாகும். ஆர்.ஓ. சவ்வுடன், எஞ்சிய அயனிகளை நீக்கும் டி.ஐ. ரெசினும் சேர்ந்த வடிகட்டியில் இறக்கி, நீரில் கரைந்துள்ள பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மானியில் சுழியம் காட்டும் நீரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குடிப்பதற்குள்ள ஆர்.ஓ. கருவியில் சுவைக்காகத் தாதுக்களை மீண்டும் கலப்பார்கள் என்பதால் அது இதற்கு ஏற்றதன்று. கடற்கரையிலிருந்து நீர் கொண்டுவரலாமே என்று கேட்பார்கள். நகரங்களை ஒட்டிய கரையில் கழிவுநீரும் எண்ணெயும் கலந்திருப்பதோடு, மழைக்காலத்தில் உப்பின் அளவும் மாறிக்கொண்டேயிருக்கும். அக்வேரியத்துக்கென விற்கப்படும் கடலுப்பே பாதுகாப்பானது. சமையல் உப்பில் கால்சியம், மெக்னீசியம் முதலியவை உரிய விகிதத்தில் இல்லாததால் அது பயன்படாது.

ஒரு தனி டிரம்மில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பம்ப் வைத்து ஒரு நாள் முழுவதும் சுழலவிட்டு, உவர்ப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரை வருகிறதா என்று பாருங்கள். அந்தக் கருவியை வெறும் நீரைக் கொண்டு மட்டும் திருத்தாமல், 35 பி.பி.டி. அளவீட்டுக் கரைசலைக் கொண்டும் திருத்துவது அவசியம்.

தொட்டியில் நீர் ஆவியாகும்போது உப்பு மட்டும் தங்கிவிடும். ஆகவே நாள்தோறும் குறையும் நீரை உப்பு கலக்காத ஆர்.ஓ. நீரால்தான் ஈடுசெய்ய வேண்டும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டுவைத்து, காலையும் மாலையும் அந்தக் கோடு வரை நிரப்பினாலே போதும். புதியவர்கள் பலர் இங்கே உப்புநீரை ஊற்றி, ஒரு மாதத்தில் நீரை அளவுக்கு மீறி உவர்ப்பாக்கிவிடுகிறார்கள்.

வெப்பநிலை 25 முதல் 27 பாகை வரை நிலையாக இருக்கட்டும். நம் ஊர்க் கோடையில் இதுவே மிகப்பெரிய சோதனை. நீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். உப்புநீரில் அது ஏற்கெனவே நன்னீரைவிடக் குறைவு. நீர்மட்டத்தின் மேல் சிறு மின்விசிறி வைத்தால் ஆவியாதல் மூலம் இரண்டு மூன்று பாகை குறையும் என்றாலும், சென்னை, தூத்துக்குடி போன்ற ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் அந்தப் பலன் சுருங்கிவிடும். அங்கே நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கும் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்வதே நேர்மையான திட்டம். ஏஞ்சல் மீன்கள் நிறைய உண்டு நிறையக் கழிப்பவை என்பதால், தொட்டியின் கொள்ளளவுக்கு ஒருபடி மேலான புரோட்டீன் ஸ்கிம்மரை (நுரை மூலம் கழிவை நீக்கும் கருவி) வாங்குங்கள்.

பாறை, மணல், பாக்டீரியா

தொட்டியின் வடிகட்டும் வேலையைப் பெரும்பகுதி செய்வது நுண்துளைகள் நிறைந்த பாறையும், அதில் குடியேறும் பாக்டீரியாக்களுமே. இந்தியாவில் கடினப் பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலிலிருந்து பெயர்த்தெடுத்த பவளத்தையோ பவளக்கல்லையோ வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் பவளத்திட்டுகள் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவே வெட்டியெடுக்கப்பட்டுச் சிதைந்தவை. செயற்கையாக வார்த்த பீங்கான் பாறைகள் அதே வேலையைச் செய்கின்றன. அவற்றை அடுக்கும்போது குகைகளும் ஊடுவழிகளும் பல இருக்கும்படி அமையுங்கள். ஏஞ்சல் மீன் நாள் முழுதும் பாறையிடுக்குகளில் நுழைந்து வெளிவந்து மேய்வது. ஒளிந்துகொள்ள இடமில்லாத தொட்டியில் அது அஞ்சி ஒடுங்கி உணவை மறந்துவிடும்.

பாறையும் நீரும் தயாரானபின், மீன் எதையும் விடாமல், அம்மோனியம் குளோரைடு கரைசலால் அம்மோனியாவை 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்கு ஏற்றுங்கள். ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். இவை பெருகுவதற்கு வழக்கமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். இட்ட அம்மோனியா ஒரே நாளில் சுழியமாகி, நைட்ரைட்டும் சுழியமானால் சுழற்சி நிறைவுற்றது. பிறகு தேங்கிய நைட்ரேட்டைக் குறைக்கப் பாதி நீரை மாற்றிவிடுங்கள்.

இப்போதும் ஏஞ்சல் மீனுக்கு நேரம் வரவில்லை. முதலில் கோமாளி மீன் இணை ஒன்றை விடுங்கள். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் நுட்பத்தை உருவாக்கிப் பரப்பியிருப்பதால், பண்ணையில் பிறந்தவற்றையே கேட்டு வாங்க முடியும். நான்கைந்து மாதங்களில் பாறைகளின் மேல் மெல்லிய பாசியும், இடுக்குகளில் சிறு கடற்பஞ்சுகளும் நுண்ணுயிர்களும் தோன்றும். குள்ள ஏஞ்சலுக்கு அந்தப் பாசிப்படலம்தான் மேய்ச்சல் நிலம். பளபளவென்று துடைத்த புதுத் தொட்டியில் எவ்வளவு உயர்ந்த தீனி கொடுத்தாலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. தொட்டிக்கு ஆறு மாதம் நிரம்பட்டும்.

மீனைத் தேர்ந்தெடுத்தல்

கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, மீன் வந்து எத்தனை நாளாயிற்று என்பதும் எதை உண்கிறது என்பதுமே. உங்கள் கண்முன்னே உணவு போடச் சொல்லுங்கள். தீனியை நோக்கி விரைந்து வந்து விழுங்கும் மீனையே வாங்குங்கள். வாயில் வாங்கித் துப்பிவிடுவது உண்பதாகாது. வயிறு உள்வாங்கியிருந்தாலோ, தலைக்குப் பின்னுள்ள முதுகுச்சதை வற்றியிருந்தாலோ, செவுள் மூடி வேகவேகமாக அடித்துக்கொண்டாலோ, மீன் பாறையில் உடலை உரசினாலோ விட்டுவிடுங்கள். வந்த அன்றே வாங்காமல், முன்பணம் கொடுத்து ஒரு வாரம் கடையிலேயே வைத்திருக்கச் சொல்வது நல்ல வழி.

பெரிய இனங்களில் 8 முதல் 12 செ.மீ. நீளமுள்ள இளமீன்கள் எளிதில் பழகும். மிகச் சிறிய குஞ்சுகள் பயணத்தின் பட்டினியைத் தாங்குவதில்லை; முழுதும் வளர்ந்தவை தொட்டி உணவுக்கு மாற மறுக்கின்றன. எங்கே பிடித்த மீன் என்பதையும் கேளுங்கள். பவளத்திட்டுகளில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் கொடிய பழக்கம் 1960களில் பிலிப்பீன்ஸில் தொடங்கி, பின்னர் இந்தோனேசியாவுக்கும் பரவியது. அவ்வாறு பிடிபட்டவை சில நாள் நன்றாகத் தெரிந்து, பின்னர் காரணம் புரியாமல் இறந்துபோகலாம். மீனைப் பார்த்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க இயலாது. பண்ணையில் பிறந்த ஏஞ்சல்களும் இப்போது சிறிதளவில் விற்பனைக்கு வருகின்றன. விலை பல மடங்கு என்றாலும், கிடைத்தால் அவற்றையே எடுங்கள்.

இம்மீனை வலையால் பிடிக்க விடாதீர்கள். கன்னத்து முள் வலையில் சிக்கி, விடுவிக்கும்போது செவுளும் கண்ணும் காயப்படும். பிளாஸ்டிக் டப்பாவை நீருக்குள் இறக்கி, அதற்குள் ஓட்டித்தான் எடுக்க வேண்டும்.

தனிமைத் தொட்டி

தனிமைத் தொட்டி இல்லாமல் ஏஞ்சல் மீன் வாங்குவதை நான் எந்நிலையிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 80 லிட்டர் கண்ணாடித் தொட்டி, பெரிய தொட்டியின் சம்பில் (வடிகட்டும் கருவிகள் வைக்கும் கீழ்த்தொட்டி) சில வாரம் ஊறவைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிந்துகொள்ளப் பி.வி.சி. குழாய்த் துண்டுகள் ஆகியவை போதும். மணலும் பாறையும் வேண்டாம். அவை மருந்தை உறிஞ்சிக்கொள்ளும்.

நீண்ட பயணம் செய்து வந்த பையில் மீனின் கழிவால் அம்மோனியா சேர்ந்திருக்கும். ஆனால் மூச்சில் வெளியான கரியமில வாயுவும் அதே நீரில் கரைந்து பி.எச். அளவைக் குறைத்திருப்பதால், அந்த அம்மோனியாவின் பெரும்பகுதி நச்சு குறைந்த அம்மோனியமாக இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அம்மோனியம் மீண்டும் நச்சாக மாறத் தொடங்கும். ஆகையால், தூர இடத்திலிருந்து வந்த மீனை மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் பழக்குவது நன்மையைவிடத் தீமையே செய்யும். அனுப்புபவரிடம் முன்கூட்டியே அவருடைய நீரின் உவர்ப்பைக் கேட்டு, தனிமைத் தொட்டியையும் அதே அளவில் வைத்திருங்கள். மூடிய பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தை ஒப்பாக்கி, திறந்தவுடன் மீனை மட்டும் மாற்றிவிடலாம். பை நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. உள்ளூர்க் கடையிலிருந்து அரைமணியில் கொண்டுவந்த மீனுக்கு இந்த நெருக்கடி இல்லை. அதை நிதானமாகவே நீர் கலந்து பழக்கலாம்.

முதல் நாள் விளக்கை அணைத்துவிடுங்கள். குறைந்தது நான்கு வாரம் இங்கேயே இருக்கட்டும். உடலில் உப்புத்தூள் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தெரிந்தால் அது கிரிப்டோகேரியான் என்னும் ஒட்டுண்ணி. அதற்குச் செம்பு மருந்து பயன்படும். ஆனால் குள்ள ஏஞ்சல்கள் செம்பைத் தாங்குவதில் மென்மையானவை, ஆதலால் சில நாட்களாகப் பிரித்து அளவை மெல்ல ஏற்றி, செம்புச் சோதனைக் கிட்டால் நாள்தோறும் அளந்து, மருந்தின் உறையில் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய தொட்டியில் ஒருபோதும் செம்பு இடாதீர்கள். இறால், நத்தை முதலிய முதுகெலும்பில்லா உயிர்கள் எல்லாம் அழிந்துவிடும். அங்கே நோய் புகுந்துவிட்டால், மீன்கள் அனைத்தையும் வெளியே எடுத்து, பத்து வாரத்துக்கு மேல் தொட்டியை மீனின்றி விடுவதே உறுதியான வழி. கண் மங்கி, மீன் உடலை உரசிக்கொண்டேயிருந்தால் தட்டைப்புழுவாக இருக்கலாம்; அதற்குப் பிராசிகுவான்டெல் மருந்து உண்டு. துடுப்பில் பூக்கோசு போன்ற வெள்ளைக் கட்டி தோன்றினால் அஞ்ச வேண்டாம். அது லிம்போசிஸ்டிஸ் என்னும் வைரஸ் நோய். நல்ல நீரும் உணவும் இருந்தால் பெரும்பாலும் தானாக உதிர்ந்துவிடும்.

உணவு

குள்ள ஏஞ்சல்கள் பாசியை மிகுதியாகவும், பெரிய ஏஞ்சல்கள் கடற்பஞ்சு, கடற்குடுவை (பாறையில் ஒட்டி வாழும் பை போன்ற உயிர்), பாசி ஆகியவற்றையும் மேய்பவை. ஒருவேளை வயிறார உண்டுவிட்டு ஓய்பவை அல்ல என்பதால், நாளைக்கு மூன்று முறை சிறிதுசிறிதாகக் கொடுப்பதே பொருந்தும். சூஷி செய்யப் பயன்படும், உப்பும் எண்ணெயும் சேராத நோரி என்னும் கடற்பாசித் தாளைக் கண்ணாடியில் கிளிப்பால் மாட்டிவையுங்கள். உறைந்த மைசிஸ் இறால், ஸ்பைருலினா கலந்த தீனி, கடற்பஞ்சு சேர்த்து ஏஞ்சல்களுக்கென்றே தயாரிக்கப்படும் உறைதீனி ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். வீட்டிலும் செய்யலாம்: மீன்சந்தையில் வாங்கிய புதிய இறால், கணவாய், மட்டிச் சதை ஆகியவற்றைக் கழுவி, நோரியும் ஸ்பைருலினாத் தூளும் சேர்த்து அரைத்து, சுவையற்ற ஜெலட்டினில் கலந்து, தட்டையான பைகளில் மெல்லிய தகடாக உறையவைத்து, வேண்டும்போது ஒடித்துப் போடலாம். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சிக் கொழுப்பு இம்மீன்களுக்குச் செரிக்காது.

புதிதாக வந்த மீன் இரண்டு மூன்று நாள் உண்ணாமலிருப்பது இயல்பு. அதற்கு மேலும் தொடர்ந்தால், ஓட்டோடு பிளந்த மட்டியை அடியில் வையுங்கள். கொத்தி மேயும் பழக்கம் அதில் திரும்ப எழுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரே தீனியை மாதக்கணக்கில் கொடுத்தால் தலையிலும் பக்கக்கோட்டிலும் தோல் குழிவிழும் நோய் தோன்றக்கூடும். வடிகட்டும் கரியின் தூளும் இதற்குக் காரணமாவது அறுவை மீன்களில் (சர்ஜன் மீன்) செய்த ஆய்வில் காணப்பட்டிருக்கிறது. கரியைப் பயன்படுத்துமுன் நீர் தெளியும்வரை கழுவுங்கள்.

துணை மீன்கள்

தொட்டியில் கடைசியாகச் சேரும் மீன் ஏஞ்சலாக இருக்கட்டும். முன்னரே இடம்பிடித்துவிட்டால் பின்னால் வரும் ஒவ்வொன்றையும் விரட்டும். ஒரு தொட்டிக்கு ஓர் ஏஞ்சல் என்பதே புதியவர்களுக்குப் பாதுகாப்பான கணக்கு. குள்ள ஏஞ்சல்கள் அனைத்தும் பெண்ணாக வளர்ந்து, கூட்டத்தில் மேலோங்கியது மட்டும் ஆணாக மாறுபவை. அதனால் பெரிய தொட்டியில் அளவில் தெளிவாக வேறுபட்ட இரண்டை ஒரே நேரத்தில் விட்டு இணையாக்குவது இயலும் என்றாலும், அனுபவம் வந்தபின் செய்யவேண்டியது அது. மென்பவளம், பெருஞ்சிப்பி முதலியவற்றைக் கொத்தாது என்று எந்த ஏஞ்சலுக்கும் உறுதி தர முடியாது. மிதவை உயிர்களை உண்ணும் ஜெனிகாந்தஸ் வகை மட்டும் ஓரளவு விலக்கு.

அன்றாடக் கவனிப்பு

இரு வாரத்துக்கு ஒருமுறை 15 சதவீத நீரை மாற்றுங்கள். வாரந்தோறும் உவர்ப்பு, பி.எச்., நைட்ரேட், காரத்தன்மை ஆகியவற்றை அளந்து ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பி.எச். 8.1 முதல் 8.4 வரையிலும், நைட்ரேட் 20 பி.பி.எம்.முக்குக் கீழும், காரத்தன்மை 8 முதல் 12 டி.கே.எச். வரையிலும் நிற்கட்டும். மின்வெட்டு நீண்டால் விளக்கும் ஸ்கிம்மரும் நின்றாலும் பாதகமில்லை. நீரோட்டம் நிற்கக் கூடாது. ஒரு சுழற்சிப் பம்பை மட்டும் இன்வெர்ட்டரில் இணைத்து, கூடவே பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றையும் தயாராக வையுங்கள்.

நன்கு பேணப்பட்ட ஏஞ்சல் மீன்கள் பத்தாண்டுக்கு மேலும் வாழ்கின்றன. அதற்குள் வீடு மாறலாம், தொட்டி போதாமல் போகலாம். எந்த நிலையிலும் மீனைக் கடலில் விட்டுவிடாதீர்கள். ஃபுளோரிடாக் கரையில் இந்தோ-பசிபிக் கடல்களைச் சேர்ந்த எம்பரர் ஏஞ்சல் முதலியவை தென்பட்டது பதிவாகியிருக்கிறது. அட்லாண்டிக்கில் சிங்க மீன் பெருகி உள்ளூர் மீன்களை அழித்த கேடும் வளர்ப்புத் தொட்டிகளிலிருந்து தொடங்கியது என்றே கருதப்படுகிறது. நம் கடலிலேயே பிறந்த நீலவளைய ஏஞ்சலானாலும், தொட்டியில் தொற்றிய நோயைத் திட்டுக்குக் கொண்டுபோகும். பெரிய தொட்டி வைத்திருக்கும் மற்றொரு வளர்ப்பாளரிடம் ஒப்படைப்பது முறை. பின்னாளில் மீனைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கடைக்காரரிடமும் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.